எண் இறங்கும் கேமரா

ஃபிலிம் சுருளின் நாக்கு இந்த முறையும் பல்சக்கரத்தில் மாட்டாமல் நழுவியபோது, லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அந்தப் பெரிய மனிதர் கேமராவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது. எழுதினால் காகிதம் கருகிவிடும். யானை ஏறினாலும் நடுங்காத லிஃப்ட்டுகளை ஆயுள் முழுக்க ஏற்றி இறக்கிய கைகள் அவருடையவை. அந்தக் கைகளுக்குள் இப்போது சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமரா சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நேற்று மாலையிலிருந்து அவருக்கு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது.

"மெதுவா மாமா, மெதுவா. நாக்க அந்தச் செவப்புக் கோடு வரைக்கும் விடுங்க. ஐயோ, அவ்ளோ இழுக்காதீங்க! பிரேக்கு, பிரேக்கு!" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். எதைச் சொல்லித்தரும்போதும் அவனுடைய வலதுகால் தரையை அழுத்தும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது இப்போது தரையில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

"இது என்ன காரா?"

"காரா இருந்தா இந்நேரம் மரத்துல ஏத்தியிருப்பீங்க."

கேமரா அவனுடையதுதான். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததோடு அவன் கடமை முடிந்தது. அவருடைய கஷ்டகாலம் தொடங்கியது. முதலில் பேட்டரி. வயிறு பெருத்த, குட்டையான ஒரு ஜாதி பேட்டரி. கடைகடையாக ஏறி இறங்கினார். அந்தச் சோதனையில் அவர் தேய்த்த செருப்பில் இன்னொருவர் உலகத்தையே சுற்றி வந்திருக்கலாம். ஒவ்வொரு கடைக்காரரும் பழைய பேட்டரியைக் கையில் வாங்கி, ராஜா காலத்துப் புதையலைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஃபிலிம். அது ஒரு கடையின் குளிர்பெட்டியில், வேறெந்த ஜீவனும் சீந்தாமல், ஒற்றை ஆளாகக் கிடந்தது. அப்புறம் விளக்கப் புத்தகம். எறும்புகள் படிப்பதற்காக அச்சடித்தது. அதையும் கண்ணாடிமேல் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். படத்தில் ஒரு கை நாக்கைச் செருகியது, மூடியது, சிரித்தது. கை சிரிக்குமா என்று கேட்காதீர்கள். அவர் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்.

இத்தனை பாடும் மனைவியின் சிரிப்புக்காக.

அவளுடைய இடது காதுமடலுக்குக் கீழே ஒரு கட்டி. பயப்படும்படியானது இல்லை, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆனால் முகத்தை அசைக்கிற நரம்பு அதன் நடுவிலேயே ஓடுகிறதாம். எடுத்த பிறகு சிரிப்பு ஒரு பக்கம் சரியலாம். கொஞ்சநாளில் நிமிரலாம், நிமிராமலும் போகலாம். இதை டாக்டர் வானிலை சொல்வதுபோல் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்ததும் அவர் செல்போனில் மனைவியின் சிரிப்பைத் தேடினார். ஒழுகுகிற குழாய் இருந்தது, மின்சார மீட்டர் இருந்தது, பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் ஒரு குடும்ப ஆல்பம் அளவுக்கு இருந்தது. மனைவி இல்லை. யார் படம் எடுத்தாலும் அவள் போனைப் பிடுங்கி, தன் முகத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி, "யாரு இந்தக் கிழவி?" என்று கேட்டுவிட்டு அழித்துவிடுவாள்.

"ஃபிலிம்னா எடுத்த ஒடனே பாக்க முடியாதுக்கா. அழிக்கவும் முடியாது" என்று மச்சினன் சொன்னபோது அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"பாக்கவே முடியாதா? அப்ப சரி, எடுத்துக்கங்க. ஆனா சிரி, சிரின்னு கழுத்தறுக்கக் கூடாது."

சொன்ன வார்த்தை அவளுக்கே அப்புறம்தான் கேட்டதுபோல, கை காதோரம் போனது.

நாளைக் காலையில் ஆபரேஷன். இன்று மாலை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். அவருக்கு மிச்சமிருந்தது ஒரு பகல்.

ஒருவழியாக நாக்கு மாட்டியது. மூடியை மூடியதும் கேமரா 'ர்ர்ர்' என்று இரைந்தது, நிறுத்தவே இல்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுமோ என்று அதை இரண்டு கையாலும் மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடங்கிய பிறகு சின்னக் கண்ணாடியில் ஒரு பெரிய எண் தெரிந்தது. சோதனைக்கு மச்சினனை ஒரு படம் எடுத்தார். எண் ஒன்று குறைந்தது.

"என்னடா இது, எறங்குது?"

"எறங்கினா எறங்கட்டும் மாமா."

"ஒண்ணு, ரெண்டுன்னு ஏறணும்டா. எறங்கினா என்ன அர்த்தம்?"

"நீங்க எறங்க வேண்டிய எடம் வந்துடுச்சுன்னு அர்த்தம்."

மனைவி ஜன்னலோரம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நல்ல புடவை. பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் பல வருஷம் இருந்தவள் அவள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துப் புன்னகைப்பதுதான் அவளுக்குச் சம்பளம். அந்தப் புன்னகையைத்தான் இப்போது எடுத்து மாட்டினாள். உதடு இரண்டு பக்கமும் அளவெடுத்ததுபோல் விரிந்தது. 'உட்காருங்க, டாக்டர் கூப்பிடுவார்' என்கிற புன்னகை. அவருக்கு வேண்டியது அது இல்லை. அவருக்கு வேண்டியது வரும்போது இடது கண் முழுசாக மூடிக்கொள்ளும், மேல் ஈறு தெரியும், தோள் குலுங்கும், முந்தானை நழுவும். அவளுக்குப் பிடிக்காததும் அதேதான்.

கேமராவும் அவளோடு சேர்ந்து சதி செய்தது. பொத்தானை அழுத்தினால் முதலில் ஒரு சின்ன விளக்கு கண் சிமிட்டும். படம் எடுத்தாகிவிட்டது என்று அவள் புன்னகையைக் கழற்றி வைப்பாள். அதன் பிறகுதான் பெரிய வெளிச்சம் பளீரென்று வெடிக்கும். ஒவ்வொரு முறையும் கேமராவுக்குக் கிடைத்தது கடை சாத்திய முகம்தான்.

"அசையாத. ரெண்டாவது வெளிச்சம் வர்ற வரைக்கும் அப்படியே இரு."

"எத்தன வெளிச்சம்தான் வரும்? படமா எடுக்குறீங்க, வாணவேடிக்கை விடுறீங்களா?"

அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. அந்தச் சின்ன விளக்கை நிறுத்த வழியிருக்கிறதா என்று கேமராவைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக்கு முன்னால் வைத்து ஆராய்ந்தார். விரல் இருந்த இடத்தில் பொத்தான் இருந்தது. சின்ன விளக்கு சிமிட்டியது. அதை அவர் இன்னும் உற்றுப் பார்த்தார்.

பிறகு சூரியன் கூடத்துக்குள் வந்து அவர் மூக்கில் மோதியது.

"ஐயோ, கண்ணு போச்சு!" என்று எழுந்தவர் நாலடி நடந்து, திரைச்சீலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அதனிடம் "எங்க இருக்க நீ, கையப் புடி" என்று கெஞ்சினார். திரைச்சீலை கை கொடுக்கவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்ட சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, நடுவில் கீச்சென்று ஒரு சத்தத்தோடு வெளியே வருகிற அசல் சிரிப்பு. எதிரே பச்சையும் ஊதாவுமாகப் பந்துகள் மிதந்தனவே தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் வந்த பக்கம் கேமராவை நீட்டி அழுத்தினார். இரண்டு வெளிச்சத்துக்கும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை.

கிடைத்துவிட்டது! பார்வை திரும்பியதும் கேமராவுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். மச்சினன் வாசலில் போனில் ஒரு மாணவியிடம், "சுவத்துமேல ஏறியிருந்தா ஏறினபடியே இருங்க, நான் வர்றேன்" என்று கத்திக்கொண்டிருந்தான். அவர் தனியாக இருந்தார். கெடுகிற காரியமெல்லாம் மனிதன் தனியாக இருக்கும்போதுதானே கெடுகிறது?

எண் மறுபடியும் இறங்கியிருந்தது. உண்மையிலேயே ஃபிலிம் ஓடுகிறதா? வெறும் எண் மட்டும் ஓடுகிறதா? லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருக்க, பலகையில் 'தரைத்தளம்' என்று ஜோராக எரிந்துகொண்டிருந்ததை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். தனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாரிடமும் அவர் ஓதியது ஒரே மந்திரம்: விளக்கை நம்பாதே, மூடியைத் திறந்து கண்ணால் பார். அந்த மந்திரத்தில் பல உயிர்கள் பிழைத்திருக்கின்றன. ஆகவே, நகத்தால் தாழ்ப்பாளைத் தள்ளி, கேமராவின் முதுகை ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாக விரியத் திறந்து, அவர் பார்த்தார்.

"என்ன மாமா பண்றீங்க?" மச்சினன் வாசற்படியில் நின்றான்.

"ஓடுதான்னு பாத்தேன்."

"ஓடுதா?"

"நல்லா ஓடியிருக்கு. இறுக்கமா சுத்தி..."

நடுவிலேயே நின்றுவிட்டார். ஃபிலிமில் வெளிச்சம் படக்கூடாது, பட்டால் எடுத்த படமெல்லாம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாதா? அவர் காலத்தில் அது தெரியாத பச்சைக்குழந்தைகூட இல்லை. பழக்கதோஷத்தில் கை செய்துவிட்டது. தலை இப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. படாரென்று மூடினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர் சூரியனையே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்.

மனைவி தம்ளரோடு வந்து, இரண்டு முகத்தையும் பார்த்தாள். யாரும் சொல்லாமலே விளங்கிக்கொண்டாள்.

"தொறந்தீங்களா?"

அவர் கேமராவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"மூடினது ஒண்ணு மூடினபடி இருந்தா உங்களுக்குக் கை அரிக்குமே. கொதிக்கிற சட்டியத் தொறப்பீங்க. ஓடுற கடிகாரத்தத் தொறப்பீங்க. நாளைக்கு எனக்குத் தையல் போட்டப்பறம் அதையும் பிரிச்சுப் பாருங்க, உள்ள எல்லாம் சரியா வெச்சிருக்காங்களான்னு."

கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கேலியில் இல்லை.

"இன்னொண்ணு எடுத்துடலாம்மா. இன்னும் ஃபிலிம் இருக்கு."

"எடுங்க. சிரிப்பு இருந்தா எடுங்க."

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கேமராவை உயர்த்தினார். சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் ஒரு பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். வரவேற்பறைப் புன்னகைகூட வரவில்லை. திரைச்சீலையை அவர் இன்னொரு முறை கட்டிப் பிடித்தும் பார்த்தார். அவள், "வேணாங்க" என்றாள், அவ்வளவுதான். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவன் வலதுகால்கூட சும்மா இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டுடியோ இருந்தது; அங்கே இன்னும் ஃபிலிம் கழுவுகிறார்கள். மச்சினன் பாடம் நடத்தும் இரண்டு பிரேக் வைத்த காரில், பின்சீட்டில் மாற்றுத்துணிப் பையோடு போய் இறங்கினார்கள். ஸ்டுடியோக்காரம்மா பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு கைக்குழந்தையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அழுது ஜெயித்து வெளியேறிய பிறகு, இவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நின்று நடந்ததைச் சொன்னார்.

"எண்ணு ஏறிச்சா, எறங்கிச்சா?" என்று கேட்டாள் ஸ்டுடியோக்காரம்மா.

"எறங்கிச்சு."

"நல்லதாப் போச்சு. இந்த ஜாதி கேமரா மொதல்லயே முழு ஃபிலிமையும் வெளிய இழுத்து வெச்சுக்கும். ஒவ்வொரு படமா எடுக்க எடுக்க, ஃபிலிம் வந்த டப்பாக்குள்ளயே திருப்பிச் சுத்திக்கும். எடுத்தது உள்ள பத்திரமா இருக்கு சார். எடுக்காததுதான் வெந்து போச்சு."

அவருக்குக் கால் தரையில் இல்லை. "அப்ப கடைசியா எடுத்தது?"

அவள் கேமராவின் அடியிலிருந்த ஓர் ஊசித்துளையைப் பேனா முனையால் அழுத்தினாள். மிச்ச ஃபிலிம் இரைந்துகொண்டே உள்ளே போனது. "கடைசி படமா? அது டப்பா வாசல்லயே இருந்திருக்கும். முழுசா உள்ள போயிருந்தா தப்பிச்சுது. வெளிச்சம் வாசல் வழியா கசிஞ்சிருந்தா ஒரு ஓரம் போயிருக்கும்."

"எந்த ஓரம்?"

கேட்டது மனைவி. அதுவரை அவள் சுவரில் மாட்டியிருந்த யார் யாரோ படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுவினாத்தாம்மா தெரியும். இப்பவே கழுவிடுறேன். காஞ்சு, படமாக் கையில வர நாளைக்கு மத்தியானம் ஆயிடும்."

மத்தியானம். அதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருக்கும்.

ஸ்டுடியோக்காரம்மா டப்பாவை எடுத்து, வெளிச்சம் புகாத ஒரு கறுப்புத் துணிப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். பைக்கு இரண்டு கைகள் இருந்தன, சட்டைக்கு இருப்பதுபோல். அவற்றுக்குள் தன் கைகளை முழங்கைவரை நுழைத்துக்கொண்டாள். அவர் தன்னையறியாமல் மேசைமேல் குனிந்தார். மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவளுடைய இன்னொரு கை இடது காதோரம் இருந்தது.

பைக்குள் எதுவோ 'டக்' என்று திறந்துகொண்ட சத்தம் கேட்டது. ஸ்டுடியோக்காரம்மா கண்களை மூடிக்கொண்டு, முகத்தைச் சற்று மேலே தூக்கி, விரல்கள் சொல்வதைக் கேட்பதுபோல் நின்றாள். கறுப்புத் துணி அவள் கைகளுக்கு மேலே மெல்ல உப்புவதும் அமுங்குவதுமாக இருந்தது.