கீபோர்டை மறந்த கர்னல்

மாமியார் வீட்டில் அவருக்குக் கர்னல் என்றுதான் பெயர். கல்யாணப் பேச்சு எடுத்தபோது என்ன வேலை என்று கேட்டார்கள். "கர்னல்ல வேலை செய்றேன்" என்று சொல்லித் தொலைத்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் எழுந்து திரை, டிஸ்க், பிரிண்டர் என்று எல்லாவற்றையும் வேலை வாங்குகிற அடிப்படை நிரலுக்கும் அதே பெயர்தான் என்று விளக்குவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பாதிச் சொந்தக்காரர்கள் இன்னும் அவரைப் பட்டாளத்துக்காரர் என்றே நினைக்கிறார்கள். இந்தத் தொப்பையைப் பார்த்துமா என்று அவருக்கே ஆச்சரியம்.

அலுவலகத்திலும் அவர் கர்னலை எழுதுகிறவர் இல்லை. மற்றவர்கள் கைவைத்த பிறகு அது உடையாமல் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறவர். அதாவது, அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். அவளுடைய கிளினிக் வரவேற்பறையில் இருந்த கம்ப்யூட்டர் காலையில் எழுந்திருக்க ஏகப்பட்ட நேரம் எடுத்துக்கொண்டது. ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொல்லிப் புலம்பினாள்.

"அது தேவையில்லாத சுமையெல்லாம் தூக்கிக்கிட்டு ஓடுது. என்கிட்ட குடு, இளைக்க வெச்சுத் தரேன்" என்றார், தன் தொப்பையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் பெட்டியை மட்டும் வீட்டுக்குத் தூக்கிவந்தார். பரணில் கிடந்த, யூஎஸ்பி வருவதற்கு முந்தைய காலத்து உருண்டை முனை வைத்த பழைய கீபோர்டைச் சொருகி, இணையத்துக்கு வீட்டு ஒயரை மாட்டி உட்கார்ந்தார். புதுக் கர்னல் கட்டும்போது எந்தெந்தக் கருவி வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான கேள்விகள். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: இப்போது எது எது ஓடுகிறதோ அதை மட்டும் வைத்துக்கொள், மற்றதை வெட்டு என்று ஒரே கட்டளை. போட்டார். வெட்டியது. இயந்திரம் கண் இமைப்பதற்குள் எழுந்து நின்றது. அந்தக் குஷியில் இடம் மிச்சமாகட்டும் என்று பழைய கர்னலையும் அழித்தார்.

திங்கட்கிழமை காலை மனைவியின் போன்.

"என்னங்க, சூப்பர் வேகம். உடனே வந்துடுச்சு."

"சொன்னேன்ல?"

"பாஸ்வேர்ட் கேக்குது. ஆனா கீபோர்ட் வேலை செய்யல. மவுசும் செத்துப்போச்சு. ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கிளினிக்கில் கீபோர்ட், மவுஸ், பிரிண்டர், வைஃபை எல்லாமே யூஎஸ்பி. ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றுகூடச் சொருகியிருக்கவில்லை. ஓடாததை வெட்டு என்று அவர்தான் சொன்னார். அது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது. அலுவலகத்தில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர் ஒரு பக்கத்துக்கு அறிக்கை எழுதியிருப்பார்.

பாதி நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார். வழியில் வீட்டுக்குப் போன் செய்து, வந்து தங்கியிருந்த மாமியாரிடம் கெஞ்சினார். "அத்தை, என் மேஜைல ஒரு பழைய கீபோர்ட் இருக்கும். கொஞ்சம் கிளினிக்குக் கொண்டாந்துடுறீங்களா?"

அவர் போனபோது வரவேற்பறை நிரம்பியிருந்தது. உதவி செய்கிறேன் பேர்வழி என்று வரவேற்புப் பெண்ணிடம் பேனாவை வாங்கி, வந்தவர்களின் பெயரை எழுத ஆரம்பித்தார். அவள் எட்டிப் பார்த்தாள். "சார், இது என்ன பாஷை?" என்று கேட்டுப் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மாமியார் கீபோர்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி வந்து சேர்ந்தார். "ஒரே தூசி, மாப்பிள்ளை. தொடச்சுத்தான் கொண்டாந்தேன்" என்றவர், காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கவலைப்படாதீங்க. எங்க மாப்பிள்ளை கர்னல். ஒரு நிமிஷத்துல முடிச்சுடுவாரு."

இடுப்புவலிக்காக வந்திருந்த பெரியவர் ஒருவர் மரியாதையாக எழுந்திருக்க முயன்று, பாதியில் இடுப்புப் பிடித்துக்கொள்ள அப்படியே நின்றார்.

"ஐயோ, உக்காருங்க சார்! நான் அந்தக் கர்னல் இல்ல!" என்று பதறியவர், அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்.

கீபோர்டைச் சொருகி உள்ளே நுழைந்ததும் மறுபடி கர்னலைக் கட்ட உட்கார்ந்தார். குறுக்கு வழிப் பக்கமே போகவில்லை. யூஎஸ்பி வேண்டுமா? வேண்டும். பிரிண்டர்? வேண்டும். கேம் விளையாடுகிற ஜாய்ஸ்டிக்? அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். பயத்தில் கண்ணில் பட்டதற்கெல்லாம் ஆமாம் போட்டார். பெட்டி சூடாகி, விசிறி இரைந்து, வேலை முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பில்லெல்லாம் கையால்தான், அந்தப் பெண்ணின் கையால்.

கடைசியில் எல்லாம் உயிர் பெற்றன. மனைவி கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"முன்னைவிட லேட்டாகுதே?"

"எல்லாரையும் நலம் விசாரிச்சுட்டு வருது."

காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

கழுத்தில் பட்டை போட்டிருந்த ஒருவர் மெதுவாக அருகில் வந்தார். "சார், எங்க வீட்டு கம்ப்யூட்டரும் ரொம்ப ஸ்லோ. நீங்க ஒருதடவை பாத்தீங்கன்னா..."

"நல்லா ஓடுதுல்ல?"

"ஓடுது. மெதுவா."

"அப்படியே ஓடட்டும் சார். என்னை மட்டும் உள்ள விட்டுடாதீங்க" என்று கும்பிடு போட்டுவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.