மாப்பிள்ளை லேபர்

1

இந்தக் கதை ஒரு சொல்லில் இருந்து வந்தது. பெரிய எழுத்தாளர்களுக்குக் கதை பெரிய துயரத்தில் இருந்து வருமாம். எனக்குக் கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே, ஸ்பீக்கரில் போட்ட தொலைபேசியில் இருந்து வந்தது. சொல்: லேபர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பதினான்கு வருட இருளுக்குப் பிறகு லண்டனில் சூரியன்—

வெட்டிவிட்டேன். லண்டன் சூரியனை நான் கண்டதில்லை. இந்தக் கதையில் அதைப் பற்றி வாய் கிழியக் கதைக்கிறவர்களும் கண்டதில்லை. இரண்டாவது தொடக்கம்:

கனடாவில், ரொறொன்ரோவின் அஜின்கோர்ட்டில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில் இருந்து பிரித்தானியா ஆளப்பட்டு வந்தது.

இது இருக்கட்டும். இது உண்மை.

2

ஆளுகிறவர்கள் இரண்டு பேர்: அன்புராசா அங்கிள், மகேஸ்வரன் அங்கிள். சனிக்கிழமை பத்து மணிக்கு அமைச்சரவை கூடும். ஆளுக்கொரு பால் விடாத பிளேன்ரீ, இருவருக்கும் சேர்த்து ஒரு மீன் ரோல்ஸ். பிரித்தானியாவில் இருவருக்கும் வாக்கு இல்லை. இங்கே, ஸ்காபரோவில், இருக்கிறது. ஆனால் தங்கள் வட்டாரத்து நகரசபை உறுப்பினரின் பெயரைக் கேட்டால் இருவரும் ரோல்ஸைக் குனிந்து பார்ப்பார்கள்.

காசுமேசையில் நிற்பவள் கௌசி. பதினெட்டு வயது. பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். (அவள் நான் இல்லை. நானும் அதே வகுப்போடு விட்டேன், அதே கடையில்தான் நிற்கிறேன். அவ்வளவுதான்.) ஒரு நாளில் அவள் வாயில் இருந்து வருவது இரண்டே வசனம். "சின்னனோ பெரிசோ?" "உறைப்புக் கூடவோ?" மிச்சமெல்லாம் மேசைக்குக் கீழே இருக்கிற கொப்பிக்குள் போகும். கொப்பியின் மட்டையில் 'கணிதம்' என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒரு கணக்கும் இல்லை. அங்கிள்மாரின் அபிப்பிராயங்கள்தான், திகதியோடு.

2024 ஆடி மாதம் லண்டனில் ஆட்சி மாறி லேபர் கட்சி வந்த அன்று அன்புராசா கடையில் இருந்த எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். அவர் வாங்கிக் கொடுத்ததற்கு இதுவரை அது ஒன்றுதான் சாட்சி.

"எங்கடை ஆக்கள் வந்திட்டாங்கள்! தொழிலாளியின்ரை கட்சி!"

"உமக்கு லண்டனைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் மகேஸ்வரன்.

"எனக்குப் படிப்பிக்காதையும். தொண்ணூற்றியொண்டிலை நான் ஹீத்ரோவிலை நாலு மணித்தியாலம் இருந்தனான்."

"அரசாங்கம் வந்து சந்திச்சதோ?"

"பகிடியை விடும். முதல் வேலையா உந்தக் கள்ளப் போட்டிலை கடல் தாண்டி வாறவங்களை நிப்பாட்டவேணும். வாறதெண்டால் லைனிலை வரட்டும்."

"நீர் லைனிலையோ வந்தனீர்?"

"நான் பிளேனிலை வந்தனான்."

"ஆற்றை பாஸ்போட்டிலை?"

"அது ஒரு மலேசியாக்காரன்ரை. அது வேறை கதை, மகேசு."

(அடிக்குறிப்பு: அது வேறு கதை இல்லை. ஆனால் அவர் ரோல்ஸ் வாங்கித் தந்த நாளில் அதை எழுத கௌசிக்கு மனம் வரவில்லை.)

3

அன்புராசாவின் மகள் ஸ்டெபனி. லண்டனில் ஜெனாட் என்று ஒருவன். இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு கலியாண வீட்டில் சந்தித்து, அன்று தொடங்கிய கதையை இன்னும் முடிக்காத சோடி. மகள் தானாகப் பிடித்துக்கொண்டு வந்தால் அப்பா ஏற்கமாட்டார், மூன்றாம் ஆள் பேசி வந்தால் யோசிப்பார் என்பதால், ஜெனாட்டின் மாமியைக் கொண்டு ஒன்றும் தெரியாதது போல சம்பந்தம் பேசவைத்தார்கள்.

அந்த அழைப்பு வந்தது போன மாதம். அன்புராசாவின் கையெல்லாம் ரோல்ஸ் எண்ணெய். தொலைபேசியைக் காசுமேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"குடி, சிகரெட் ஒண்டும் இல்லை," என்றது லண்டன் மாமியின் குரல். "பெடியன் லேபர்."

அந்த நேரம் பார்த்து உள்ளே கொத்துரொட்டி அடிக்கத் தொடங்கினார்கள்.

"போன எலெக்சனுக்கு மழைக்குள்ளையும் வீடுவீடாய் நோட்டீஸ் குடுத்தவன்," என்று மாமி சொன்னது தொலைபேசிக்குப் பக்கத்தில் காது வைத்திருந்த கௌசிக்குக் கேட்டது. அன்புராசாவுக்குக் கேட்கவில்லை. அவர் அதற்குள் "பிறகு எடுக்கிறன்" என்று அமத்திவிட்டார்.

ரொறொன்ரோவில் லேபர் என்றால் கட்சி இல்லை. கூலிவேலை. விடிய ஐந்து மணிக்கு ஆட்களை ஏற்றிப்போகிற ஏஜென்சிக்காரனின் வான். இரும்பு முனை வைத்த சப்பாத்து. அன்புராசா இருபத்தாறு வருடம் கார்ச் சாமான் தொழிற்சாலையில் லேபர். இன்றைக்கும் கதிரையில் இருந்து எழும்பும்போது அது முதுகில் கேட்கும்.

"லேபருக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது," என்றார் மேசைக்குத் திரும்பி.

"ஐசே, லேபர் வந்ததுக்கு ஊருக்கெல்லாம் ரோல்ஸ் வாங்கித் தந்தனீர்?"

"அது நாட்டுக்கு. இது வீட்டுக்கு."

4

இந்த இடத்தில் எனக்கு அன்புராசா மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் தன் சொல்லாலேயே தன்னை இவ்வளவு அழகாகச் சுற்றிக் கட்டுவாரா? கொஞ்சம் குறைத்து எழுதலாமா? கொப்பியைப் புரட்டினேன். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் ஸ்டெபனி கடைக்கு வந்தாள்.

"கௌசி, அண்டைக்குப் போனிலை மாமி சொன்னதை நீ ஃபுல்லா கேட்டனீ, ரைட்? அப்பாட்டைப் பார்ட்டி எண்டு சொல்லு. ப்ளீஸ்."

பார்ட்டி என்றால் அங்கிள் கட்சியை அல்ல, பேர்த்டே பார்ட்டியைத்தான் நினைப்பார். கௌசி அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டாள். இந்த வருடத்தில் அவள் கேட்ட மூன்றாவது கேள்வி அது.

"அவர் என்ன வேலை?"

ஸ்டெபனி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வடைகளைப் பார்த்தாள். "வெயர்ஹவுஸ். பெட்டி தூக்கிற வேலை."

கௌசி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஓகே, ஃபைன். லேபர்தான். ரெண்டு லேபரும்தான். ஹாப்பி?" வடைகளை விட்டு நிமிர்ந்தாள். "ஞாயிற்றுக்கிழமை, தான் பாத்துவைச்ச மிசிசாகாப் பெடியன்ரை வீட்டுக்கு அப்பா ஓம் சொல்லப்போறார். அந்தப் பெடியனுக்கு எதைப் பற்றியும் ஒரு ஒப்பீனியனும் இல்லை, கௌசி. அதுதான் அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு."

ஆகவே, வாசகரே, மாமி சொன்னது கட்சியை; அங்கிள் அதை வேலை என்று பிழையாக விளங்கியதும் சரி. அந்தச் சரியான பிழையைத் திருத்த ஒரே சாட்சி, வாய் திறக்காத ஒருத்தி.

5

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: கௌசி 'கட்சி' என்கிறாள். அங்கிள் மகிழ்ந்து— (எந்தக் கிழமையின் அங்கிள்? கொப்பியில் பாருங்கள். ஆடியில் "எங்கடை ஆக்கள்". கார்த்திகையில் "கிழடுகளுக்குக் குளிருக்குக் குடுத்த ஹீற்றர் காசை வெட்டின கள்ளர்". தையில் "பொறுத்துப் பாப்பம், வந்து ஆறு மாசம்தானே". சித்திரையில் "முந்தினவங்களே திறம்". இந்தக் கிழமை அபிப்பிராயம் எதுவென்று அவருக்கே இன்னும் தெரியாது. ஒரு கலியாணத்தை இதன் மேல் எப்படிக் கட்டுவது?)

இரண்டாவது: கௌசி 'வேலை' என்கிறாள். ஸ்டெபனி மிசிசாகாவுக்குப் போய், அபிப்பிராயம் இல்லாத ஒருவரோடு நாற்பது வருடம்—

முடிக்கவில்லை. கை வரவில்லை.

(மூன்றாவது அர்த்தமும் இருக்கிறது. பிள்ளை பெற ஆசுப்பத்திரிக்குப் போவதையும் இங்கே லேபர் என்பார்கள். அந்த முடிவு நன்றாகத்தான் வந்தது. ஆனால் படித்தால் ஸ்டெபனி அக்கா என்னைக் கொன்றுவிடுவா. கௌசியை என்று வாசிக்கவும்.)

6

இன்று சனிக்கிழமை. அன்புராசா பத்து மணிக்கு முந்தியே வந்துவிட்டார். மகேஸ்வரன் இல்லை. அமைச்சரவை கூடவில்லை. அதனால் இந்தக் கிழமைக்கான அபிப்பிராயமும் பிறக்கவில்லை.

மூலை மேசைக்குப் போகாமல் காசுமேசைக்கு நேரே வந்தார். வழிக்காத தாடி. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார், முதுகுக்காக.

"சின்னனோ பெ—" என்று தொடங்கினாள் கௌசி.

"தேத்தண்ணி வேண்டாம், பிள்ளை." குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்குப் போன் வந்த நேரம் நீ பக்கத்திலை நிண்டனீ. அந்த மனிசி லேபர் எண்டது எதை?"

உள்ளே கொத்து அடிக்கிற சத்தம் நின்றது.

"ராத்திரி முழுக்க என்ரை பிள்ளை அழுதது. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் பிழையாய்க் கேட்டிருந்தாலும் பரவாயில்லை, சொல்லு."

இப்படி ஒரு வசனத்தை அவருக்கு நான் எழுதி வைத்திருக்கவில்லை. ஒன்றரை வருடக் கொப்பியில் எங்கும் இல்லை. பரவாயில்லை என்ற சொல்லே அவரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கௌசி கொப்பியை மூடினாள்.

"அங்கிள்," என்றாள்.

அவள் வாயைத் திறக்கும்வரை நான் பொறுப்பு. திறந்துவிட்டாள். இதற்குக் கீழே மூன்று கோடு வெறுமையாக விட்டிருக்கிறேன். கட்சியோ, வேலையோ, இரண்டுமோ, நீங்கள் எழுதுங்கள்.

____________

____________

____________

உங்களுக்கு இதில் வாக்கு இல்லை என்று பின்வாங்க வேண்டாம். இந்தக் கடையில் அதை ஒரு காரணமாக எவரும் எடுத்ததில்லை.