வியாழக்கிழமை எழுதிய வெற்றி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் புல் மேஸ்திரி கோல்ஃப் மைதானத்திலிருந்து வாக்கிடாக்கியில் சொன்ன செய்தி இதுதான்.

"அம்மா, ஏழாவது குழி முடிஞ்சுது. மருந்துக்கடைக்காரர் மூணு குழி முன்னாடி."

மடலம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"மூணா? யாருக்கு மூணு? சரியா பாத்துச் சொல்லுங்க."

"கண்ணாலதான் பாக்கறேன், பின்ன காதாலயா? மருந்துக்கடைக்காரருக்குத்தான் மூணு. பல் டாக்டர் மூஞ்சி, மயக்க ஊசி போடாம பல்லைப் பிடுங்கின மாதிரி இருக்கு."

புல் மேஸ்திரி சிரித்தார். அவருக்கென்ன, புல்லை ஒட்ட வெட்டிவிட்டு வேடிக்கை பார்க்கிற வேலை. மடலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மேசைக்கு எதிரே சுவர் நீளத்துக்கும் நானூற்றுப் பன்னிரண்டு மரப்பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சின்னக் கதவு, கதவில் உறுப்பினர் எண், உள்ளே நாலாக மடித்த ஒரு செய்திமடல். மடலின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'கோல்ஃப் கோப்பை: பத்தாம் முறையாகப் பல் மருத்துவரே வென்றார்' என்று அச்சாகியிருந்தது.

நடந்தது என்னவென்று வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். கிளப்பின் செய்திமடல் மாதத்தின் கடைசி ஞாயிறு வெளியாகும். நீச்சல் குளம் எப்போது மூடும், டென்னிஸ் வலை எப்போது மாற்றப்படும், சாப்பாட்டு அறையில் செருப்பு போடலாமா கூடாதா என்பதெல்லாம் அதில் வரும். கோல்ஃப் இறுதி ஆட்டமும் வருடத்தில் ஒரு கடைசி ஞாயிறன்றுதான் நடக்கும். இருவரில் யார் அதிகக் குழிகளை வெல்கிறாரோ அவருக்குக் கோப்பை. ஆட்டம் முடிந்து பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் உறுப்பினர்கள் அவரவர் சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால் முடிந்த ஆட்டத்தின் முடிவு அச்சில் கிடக்கும். "பாத்தீங்களா நம்ம மடலோட வேகத்தை!" என்று விருந்தாளியிடம் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்கள். அது எப்படி முடியும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அச்சுக்கு வியாழக்கிழமையே கொடுத்தாக வேண்டும். மடலை எழுதத் தொடங்கிய முதல் இரண்டு வருடங்கள், இவர் வென்றால் ஒன்று, அவர் வென்றால் ஒன்று என்று இரண்டு மடல் அடித்து வைத்திருந்தாள். இரண்டு முறையும் பல் டாக்டரே வென்றார். மற்றது கட்டுக்கட்டாகக் குப்பைக்குப் போனது. மூன்றாம் வருடத்திலிருந்து ஒன்றுதான். பல் டாக்டரும் ஒத்துழைத்தார். புதன்கிழமை சாயங்காலமே வந்து, "எதிராளியும் நல்லாத்தான் ஆடினார்னு போடுங்க. கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும்" என்று வெற்றி உரையைச் சொல்லிவிட்டுப் போவார். இந்த வருடம், "பதினாலாவது குழியிலதான் ஆட்டத்தை என் பக்கம் திருப்பினேன்னு ஒரு வரி சேத்துக்கோங்க, சுவாரசியமா இருக்கும்" என்றார். சேர்த்துக்கொண்டாள்.

எதிராளி மருந்துக்கடைக்காரர். பன்னிரண்டு வருடமாக ஆடுகிறார். இரண்டாவது சுற்றைத் தாண்டியதில்லை. இதுவரை மடலில் அவர் பெயர் வந்ததே ஒரு தடவைதான். விட்டுப்போன குடையை வாங்கிக்கொள்ளாதவர்கள் பட்டியலில்.

போன மாதம் நீச்சல் குளம் மூடும் தேதியை மாற்றிப் போட்டுவிட்டாள். பதினேழு பேர் இடுப்பில் துண்டோடு காய்ந்த குளத்தின் கரையில் வரிசையாக நின்றார்கள். செயலாளர் அவளைக் கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னொரு தப்பு வந்தா மடல் வேற ஆள் கைக்குப் போகும். நீங்க குளத்தடியில துண்டு குடுக்கற கவுண்டருக்குப் போவீங்க." பத்து வருடமாக இந்த அலுவலகத்தில் இருக்கிறாள், அதில் ஏழு வருடம் மடல். தன் பெயர் போடாத மடல்தான். ஆனால் கிளப் முழுக்க அவளை மடலம்மா என்றுதான் கூப்பிட்டது. துண்டு கவுண்டருக்குப் போனால் என்ன பெயர் வைப்பார்கள் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அச்சகம் அவனுடையதுதான்.

"அண்ணா, ஒரு சிக்கல்."

"சொல்லு. போன மாசம் வத்தின குளம். இந்த மாசம் என்ன?"

"டாக்டர் தோத்துடுவார் போல இருக்கு."

அண்ணன், "நான் வியாழக்கிழமையே கேட்டேனா இல்லையா? ஒன்னு போதுமா ரெண்டு வேணுமான்னு? 'அதெல்லாம் அவர்தான், நீ அடி'ன்னு சொன்னது யாரு?" என்றான்.

"நான்தான். இப்ப அடிச்சா எப்ப கிடைக்கும்?"

"ஞாயித்துக்கிழமை மெஷினைத் தொடறதே பாவம். உனக்காகத் தொடறேன். ஒரு மணிக்குள்ள எழுத்து என் கைக்கு வந்தா மூணு மணிக்குத் தாள் வரும். ஒன்னு அஞ்சுக்கு வந்தா நான் சாப்பிட்டுப் படுத்துடுவேன். உங்க அண்ணியே வந்து எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டேன்."

போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து பச்சையாக ஒரு சரிவு தெரிந்தது, ஆட்டம் தெரியவில்லை. பெட்டிச் சுவருக்கு வந்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா? எடுத்த பிறகு டாக்டர் வென்றுவிட்டால்? பொதுச்சாவியைக் கையில் எடுத்தாள், மேசையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். சும்மா ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று மருந்துக்கடைக்காரரின் இருநூற்று எட்டாம் பெட்டியைத் திறந்தாள்.

காலியாக இருந்தது.

எட்டு மணிக்குத் தன் கையால் வைத்தது நன்றாக நினைவிருந்தது. வராந்தாவுக்கு ஓடினாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி மூங்கில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் பெட்டிச் சாவியும் மடலும்.

"வாங்க மடலம்மா. உங்களைத்தான் நினைச்சேன். நாங்க எப்போ தோத்தோம்? எனக்குத் தெரியவே இல்லையே!"

"மேடம், அது வந்து..."

"எதிராளியும் நல்லாத்தான் ஆடினாராமே. பதினாலாவது குழியில திரும்பிடுச்சாமே. இப்ப எந்தக் குழி நடக்குது?"

"எட்டாவது."

"அப்ப உங்களுக்கு ஜோசியமும் தெரியும்னு சொல்லுங்க."

மடலம்மா பக்கத்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மறைக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை, இரண்டு மடல், குப்பை, அண்ணன், துண்டு கவுண்டர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். கேட்ட அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒன்பதாவது குழி முடிஞ்சதும் தண்ணி குடிக்க இங்கதான் வருவாங்க. இதை அவர்கிட்ட காட்டலாமா வேண்டாமான்னுதான் அரை மணி நேரமா உட்கார்ந்திருக்கேன். காட்டினா ரோஷம் வந்து பின்னி எடுப்பாரா, இல்ல மனசு விட்டுப் போயிடுமா? இருபத்திரண்டு வருஷம் ஒரே கடையில பக்கத்துல பக்கத்துல நின்னு மாத்திரை எண்ணியிருக்கோம். எனக்கே தெரியலை பாருங்க." மடலை விசிறி மாதிரி ஒரு வீசு வீசினார். "நீங்க சொல்லுங்க. காட்டவா?"

மடலம்மா வாயைத் திறந்தாள். காட்டுங்கள் என்றால் அவர் தோற்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோமா? காட்டாதீர்கள் என்றால் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவா? எதைச் சொன்னாலும் அதில் தன் வேலை ஒட்டிக்கொண்டு வந்தது.

"வேண்டாம் மேடம். அவர் நல்லாத்தானே ஆடிட்டிருக்கார்" என்றாள் கடைசியில்.

பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். பல் டாக்டர் யாரையும் பார்க்காமல் ஒரே மடக்கில் தண்ணீரைக் குடித்தார். மருந்துக்கடைக்காரர் சட்டை முதுகில் ஒட்ட, "நாலு குழி!" என்று மனைவியிடம் விரல் காட்டினார். அந்த அம்மாள் மடலைக் கைப்பைக்குள் போட்டு மூடி, "சரி சரி, வாயைத் தொடைங்க, போங்க" என்றார்.

அதன் பிறகுதான் ஆட்டம் சறுக்கியது. பதினோராவது குழி டாக்டருக்கு. பன்னிரண்டாவதும் டாக்டருக்கு. பதினாலாவது இருவருக்கும் சமமாகப் போனது, எதுவும் திரும்பவில்லை. பதினைந்தாவது டாக்டருக்கு. புல் மேஸ்திரியின் குரலில் கேலி குறைந்துகொண்டே வந்தது. மடலம்மா வாக்கிடாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வராந்தாவுக்கும் நடந்தாள். நின்றால் கால் துடித்தது, நடந்தால் மூச்சு வாங்கியது. பதினொன்று நாற்பத்தைந்துக்கு அவள் வராந்தாவில் இருந்தபோது வாக்கிடாக்கி கரகரத்தது.

"அம்மா, பதினாறாவது குழி. மருந்துக்கடைக்காரர் பந்து மணல் பள்ளத்துல விழுந்துடுச்சு. மூணு அடி அடிச்சும் வெளிய வரலை. இப்ப ரெண்டு பேரும் சமம்."

"அப்பாடா!"

வாய்விட்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள். மூங்கில் நாற்காலியிலிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். கைப்பையின் கொக்கியை ஒரு தடவை திறந்து மூடினார், அவ்வளவுதான்.

மடலம்மாவுக்கு முகம் காதுவரை எரிந்தது. தனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனிதர் வெயிலில் மணலுக்குள் நின்று தவிக்கிறார். இங்கே நிழலில் நின்றுகொண்டு அதற்கு அப்பாடா. விறுவிறுவென்று அலுவலகத்துக்குள் போனாள், பொதுச்சாவியை எடுத்தாள், முதல் பெட்டியைத் திறந்து மடலை உருவினாள். இரண்டாவது. மூன்றாவது. சாவியைப் போடு, திருப்பு, உருவு, மூடு. யார் ஜெயித்தாலும் சரி, இந்தத் தாள் இங்கே இருக்கக்கூடாது. நூறைத் தாண்டியதும் கட்டைவிரல் வலித்தது. நூற்று எழுபதில் பதினேழாவது குழியும் சமமாகப் போன செய்தி வந்தது. இருநூற்று முப்பதில் கடைசிச் செய்தி வந்தது.

"முடிஞ்சுதும்மா. பதினெட்டாவது டாக்டருக்கு. ஒரே ஒரு குழி வித்தியாசத்துல ஜெயிச்சுட்டார்."

கையில் சாவி அப்படியே நின்றது. இடது கையில் மடல்கள் மார்பு உயரத்துக்கு இருந்தன. பத்தாம் முறையாகப் பல் மருத்துவரே வென்றார். தலைப்பில் ஓர் எழுத்து தப்பில்லை. பன்னிரண்டரைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. வேகமாக வைத்தால் பாதியாவது வைத்துவிடலாம்.

அப்போது செயலாளர் உள்ளே வந்தார்.

"என்ன இது, வைக்கறீங்களா, எடுக்கறீங்களா?"

"எடுக்கறேன் சார்."

"ஏன்? மடல்ல யார் ஜெயிச்சதா போட்டிருக்கு?"

"பல் டாக்டர்."

"வெளிய யார் ஜெயிச்சது?"

"பல் டாக்டர்தான் சார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் புரியலை. வாழ்க்கையில ஒரு தடவை சரியா போட்டிருக்கீங்க, அதையும் பிடுங்கிப் போடறீங்களே!"

"பேர் மட்டும்தான் சார் சரி. இதுல இருக்கற ஆட்டம் நடக்கவே இல்லை. டாக்டர் பேசினது புதன்கிழமை. நான் எழுதினது வியாழக்கிழமை. மருந்துக்கடைக்காரர் பாதி ஆட்டத்துல நாலு குழி முன்னாடி இருந்தார். அது எங்கயுமே இல்லை."

"போன வருஷமும் வியாழக்கிழமைதானே எழுதினீங்க? அதுக்கு முன்னாடியும்?"

"ஆமா சார். அப்பல்லாம் ஆட்டம் எப்படிப் போச்சுன்னு நான் கேட்டதே இல்லை."

"பன்னிரண்டரைக்கு நானூறு பேர் பெட்டியைத் திறப்பாங்க. காலியா இருக்கும். நான் என்ன பதில் சொல்றது?"

"மூணு மணிக்கு வரும்னு சொல்லுங்க சார். தப்பு என்னோடதுன்னும் சொல்லுங்க."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கத்துவார் என்று நினைத்தாள், கத்தவில்லை. "சொல்லிடறேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்குக் குளத்தடிக்கு வந்துடுங்க. துண்டெல்லாம் நேத்தே துவைச்சு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீதியை உருவி முடிக்கும்போது மணி அடித்தது. சாவிகள் குலுங்கும் சத்தமும் கதவுகள் திறக்கும் சத்தமும் கேட்டன, பிறகு, "என்னங்க இது, ஒன்னையும் காணோம்?" "உங்களுதுமா?" என்ற குரல்கள். அவள் பின்வாசல் வழியாக நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மருந்துக்கடைக்காரர் உடைமாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டிருந்தார். மணல் கொட்டியது. பக்கத்தில் மனைவி.

"சார், மடலுக்கு உங்க வார்த்தை வேணும்."

"என் வார்த்தையா? தோத்தவன்கிட்ட என்ன வார்த்தை? டாக்டரைப் போய்க் கேளுங்க மடலம்மா."

"அவர் புதன்கிழமையே சொல்லிட்டார் சார்."

அவருக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்தது. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். "சொல்லுங்களேன். அவங்க எழுதிக்கட்டும்" என்றார். முகம் இளகியதா இல்லையா என்று மடலம்மாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. மணி பன்னிரண்டு நாற்பது.

"என்னத்தைச் சொல்றது? நல்லா ஆடினேன், கடைசியில விட்டுட்டேன். போதுமா?" என்றவர், ஷூவைக் கீழே வைத்தார். "ஆனா முதல் குழியில ஒரு அடி அடிச்சேன் பாருங்க. காத்து எதிர்க்காத்து. டாக்டரே திரும்பிப் பாத்தார். அதைப் போடுவீங்களா?"

"போடறேன் சார்."

"ரெண்டாவதுல என்ன ஆச்சுன்னா..."

இரண்டாவதைச் சொன்னார். மூன்றாவதற்கு எழுந்து நின்று, கையில் ஷூவையே மட்டையாகப் பிடித்து, தோளைத் திருப்பிக் காட்டினார். மடலம்மாவின் பேனா ஓடியது. நோட்டுக்கு அடியில் போன் அடித்தது. பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

"என்னம்மா, எழுத்து வருதா இல்லையா? உங்க அண்ணி இலையைப் போட்டுட்டா."

"வந்துட்டே இருக்கு அண்ணா. நாலாவது குழியில இருக்கோம்."

"எத்தனை குழி மொத்தம்?"

"பதினெட்டு."

அண்ணன் சொன்னது காதில் விழவில்லை. "நாலாவதுல அந்தப் பெரிய மரம் இருக்கு பாருங்க மடலம்மா," என்று மருந்துக்கடைக்காரர் கையை நீட்டி அவள் தலைக்கு மேலே எங்கேயோ காட்டிக்கொண்டிருந்தார். அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.