மூன்று விரல்கடை உயரம்

அல்மாட்டி நகரத்துப் பெருஞ்சந்தையில் என் காலுறைக் கடைக்கு அடுத்த கடை கௌகருடையது. குழந்தைகளுக்கான செருப்பு, ஷூ, பனிக்காலத்து பூட்ஸ் எல்லாம் வைத்திருப்பாள். இத்தனை வருஷத்தில் எனக்குப் பின்னால் அவள் கடை திறந்து நான் பார்த்ததில்லை. வாடிக்கை இல்லாத நேரத்தில்கூட உட்கார மாட்டாள். பெட்டிகளை இறக்கி மறுபடி அடுக்குவாள். கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு முகித்தைக் கட்டிக்கொண்டாள். முகித் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். முதல் மனைவி நோயில் போய்விட்டாள். இன்ஜு என்று ஒன்பது வயதில் ஒரு மகள்.

இன்ஜு கௌகரை எந்த முறையும் வைத்துக் கூப்பிடுவதில்லை. அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் எதிரே வந்து நின்று, "இங்க பாருங்க" என்பாள். சண்டையும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் இல்லை. சண்டை போட்டால்கூடத் தேவலை என்று கௌகர் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமான முதல் கோடையில் முகித் ஒரு யோசனை சொன்னார். கப்ஷகாய் ஏரிக்கரையில் ஒரு கேளிக்கைப் பூங்கா, அதன் மதிலை ஒட்டியே ஒரு ஓட்டல். தங்குவது, சாப்பாடு, ராட்டினம், நீச்சல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம், அதுவும் நம்மைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற கட்டணம். மூன்று பேரும் மூன்று நாள் ஒரே அறையில் இருந்தால் பழகிவிடுவோம் என்று அவர் நினைத்தார்.

போய் இறங்கியதும் கையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிவிட்டார்கள். கத்தரித்தால்தான் கழற்ற முடியும். அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிரே ரோலர் கோஸ்டரின் தண்டவாளம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நிறைய அலறல் ஜன்னலைக் கடந்து போகும். மூடினாலும் கேட்கும். இன்ஜு ஜன்னலை விட்டு நகரவில்லை. கௌகரால் அறையில் இருக்க முடியவில்லை.

அவளால் எங்கேயுமே இருக்க முடியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஜனம் தர்பூசணியைத் தட்டில் மலையாகக் குவித்துக்கொண்டு பாதியை அப்படியே விட்டுப் போவதைப் பார்த்து எழுந்து தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பரிமாறுகிற பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க. மேனேஜர் பாத்தா என்னைத்தான் திட்டுவாரு."

"சும்மா உக்காந்து என்னம்மா செய்யறது?"

"சாப்பிடுங்க. அதுக்குத்தானே வந்திருக்கீங்க."

நீச்சல் குளத்தருகே ஒருவன் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு எல்லோரையும் ஆடச் சொன்னான். நிழலில் இருந்த சாய்வு நாற்காலிகளுக்கெல்லாம் ஆட்கள் காலையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். கௌகர் வெயிலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஏரிக்கரை வரை நடந்தாள், திரும்பி வந்தாள். முகித் சிரித்தார். "உன் கால்ல யாரு சாவி கொடுத்து விட்டாங்க?"

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது முகித்துக்குப் போன் வந்தது. ஊரில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, போகவேண்டிய ஆளுக்கு உடம்பு சரியில்லை.

"மத்தியானம் வந்துடறேன். ரெண்டு பேரும் ஜாலியா இருங்க" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இருவரும் பால் விட்ட தேநீரைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இன்ஜுதான் முதலில் பேசினாள்.

"இங்க பாருங்க. நீங்க ஷூ கடைதானே வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"என்னை உசரமாக்க முடியுமா?"

ரோலர் கோஸ்டர் வாசலில் ஒரு அளவுப் பலகை இருந்தது. அதில் போட்ட கோட்டுக்கு இன்ஜு மூன்று விரல்கடை குறைவு. முதல் நாளே அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். அவர் முடியாது என்றுவிட்டார். அந்தப் பெண் ஆசைப்பட்டு ஒன்றைத் தன்னிடம் வந்து கேட்டது அதுதான் முதல் தடவை என்று கௌகர் சொன்னாள். "நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப?" என்று என்னைக் கேட்டாள்.

அவள் செய்துவிட்டாள். அவள் கைப்பையில் எப்போதும் ஷூவுக்குள் வைக்கிற கம்பளி அட்டைகள் கிடக்கும். அவற்றைக் குதிகாலுக்கு அளவாக மடித்து, சாப்பாட்டுக் கூடத்துக் காகிதத் துண்டுகளையும் திணித்தாள். தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டுவிட்டாள். இன்ஜு கண்ணாடி முன்னால் நின்று முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

பலகை அருகில் நின்ற பெண்மணி கூட்டத்தில் சரியாகப் பார்க்காமல், "போ போ" என்று விட்டுவிட்டாள். பெரியவர்கள் துணைக்குப் போகலாம் என்பதால் கௌகரும் உள்ளே போனாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. இன்ஜு ஓயாமல் பேசினாள். பள்ளிக்கூடத்தில் யார் யார் இதில் ஏறியிருக்கிறார்கள், யார் வாந்தி எடுத்தார்கள் என்றெல்லாம். கௌகருக்குக் காதில் ஏறவில்லை. முன்னால் ஒரு ஒல்லிப் பையன் உட்கார்ந்ததும் தோளுக்கு மேலிருந்து இரும்புத் தண்டு இறங்கியது. தண்டுக்கும் அவன் நெஞ்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளியையே பார்த்தாள். அவன் இன்ஜுவைவிட ஒரு தலை உயரம். இன்ஜு அந்த ஷூவில் கணுக்கால் ஆட ஆட நின்றாள்.

அவர்களுடைய முறை வந்தது. கௌகர் பெண்ணின் கையைப் பிடித்தாள்.

"வா, போயிடலாம். இது வேணாம்."

"ஏன்? நீங்கதானே செஞ்சு விட்டீங்க?"

"செஞ்சது தப்பு. வா."

"வர மாட்டேன்."

பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். கௌகர் இழுத்தாள். இன்ஜு கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரிசை முழுவதும் கேட்கும்படி கத்தினாள். "விடுங்க! இவங்க எங்கம்மா இல்ல! இவங்க யாருமே இல்ல!"

அதன்பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. யாரோ ஒரு பெண் இன்ஜுவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒருவன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். தொந்தி பெருத்த காவலாளி ஒருவர் வந்து இருவரையும் வாசலுக்குப் பக்கத்திலிருந்த சிறிய அறைக்கு அழைத்துப் போனார். பலகைப் பெண்மணியும் கூடவே வந்தாள். யார் யாரோ விட்டுப் போன ஒற்றைச் செருப்புகளும் காற்றுப் போன மிதவை வளையங்களும் மூலையில் குவிந்து கிடந்தன.

"பாப்பா, பயப்படாதே. இவங்க உனக்கு யாரு?" என்று காவலாளி கேட்டார்.

இன்ஜு தரையைப் பார்த்தாள்.

"நான் இவளோட அப்பாவைக் கட்டிக்கிட்டவ" என்றாள் கௌகர். அவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். அறைச் சாவி உறையில் முகித்தின் குடும்பப் பெயர் இருந்தது, அட்டையில் அவளுடைய பழைய குடும்பப் பெயர். முகித்துக்குப் போன் போட்டார்கள். லிஃப்ட் குழிக்குள் இருந்தார் போல, தொடர்பு கிடைக்கவில்லை.

"சரி, பொண்ணோட பிறந்தநாள் சொல்லுங்க."

கௌகருக்கு இலையுதிர் காலம் என்று மட்டும் தெரியும். "ஷூ அளவு சொல்றேன். முப்பத்திரண்டு. வலது கால் கொஞ்சம் பெருசு."

"ஷூ அளவை வச்சு நான் என்னங்க செய்ய?" காவலாளியின் குரல் மாறிவிட்டது. "போலீஸக் கூப்பிட வேண்டியிருக்கும்க்கா."

கௌகரால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. அறைக்குள்ளேயே இரண்டு எட்டு இந்தப் பக்கம், இரண்டு எட்டு அந்தப் பக்கம் நடந்தாள். பிறகு நின்று, அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"கூப்பிடுங்க. ஆனா அதுக்கு முன்னால அவ ஷூவைக் கழட்டிப் பாருங்க. நான்தான் அட்டை வச்சு உசரமாக்கி ஏமாத்தி உள்ள கூட்டிட்டுப் போனேன். பயம் வந்ததும் வெளிய இழுத்தேன். அவ சொன்னதுல பொய் இல்ல. நான் அவங்கம்மா இல்ல."

பலகைப் பெண்மணி குனிந்து ஷூவைக் கழற்றினாள். மடித்த அட்டையும் கசங்கிய காகிதமும் விழுந்தன. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் முகம் வெளுத்தது. "பாவி, குழந்தை தண்டுக்கு அடியில நழுவியிருந்தா? என் வேலை போறது இருக்கட்டும், நான் எப்படித் தூங்குவேன்?"

கௌகருக்குக் கண்ணீர் வடிந்தது, துடைக்கவில்லை.

"நவம்பர் நாலு" என்றது ஒரு சின்னக் குரல்.

"என்ன?"

"என் பிறந்தநாள். நவம்பர் நாலு." இன்ஜு வெறுங்காலோடு நின்றாள். "இவங்க பேரு கௌகர். சந்தையில கடை வச்சிருக்காங்க. எங்கப்பாவைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. குறட்டை விடுவாங்க. நான்தான் உசரமாக்கச் சொன்னேன். போலீஸ் வேணாம்."

அப்போதும் காவலாளி விடவில்லை. அவர் செய்தது சரிதான். முகித் போனை எடுக்கும் வரை உட்கார வைத்து இருவருக்கும் தேநீர் கொடுத்தார். போனில் முழுக் கதையையும் அவரே முகித்திடம் சொல்லிவிட்டார்.

முகித் வந்து சேர்ந்தபோது முகத்தில் கிரீஸ் அப்படியே இருந்தது. மகளைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார்.

"நான்தான்ப்பா கேட்டேன்" என்றாள் இன்ஜு.

"நீ குழந்தை, கேப்ப. அவங்க குழந்தையா?"

முகித் கௌகரிடம் எதுவும் பேசவில்லை. அன்று மட்டும் இல்லை, மறுநாளும் இல்லை. மூன்று பேரும் ஏரிக்கரையில் வரிசையாகப் படுத்திருந்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

வீட்டிலும் அதே கதைதான். ஆத்திரம் போய்விட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. மனிதர் அப்படி. எதைச் சொல்ல வேண்டுமானாலும் மகளைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். உப்பு எங்கே என்று கேள். நாளைக்குக் கடைக்குப் போகிறாளா என்று கேள். இன்ஜு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். கௌகரும் அவளிடமே பதில் சொல்லி அனுப்பினாள். அந்தப் பத்து பன்னிரண்டு நாளில் அந்தப் பெண் கௌகரிடம் பேசியதுபோல் அதற்கு முன் பேசியதே இல்லை. போகிற வழியில் தன் சொந்தக் கதையும் இரண்டு சேர்த்துக்கொண்டாள்: கணக்கு டீச்சர் எப்படிக் கத்துவார், தோழி ஏன் பேசவில்லை.

ஒரு மாலையில் கௌகர் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். இன்ஜு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"சனிக்கிழமை பெரியத்தை வீட்டுக்கு வருவீங்களான்னு அப்பா கேக்கறாரு."

"வரேன்னு சொல்லு."

அவள் நகரவில்லை.

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன், கௌகர். எனக்குக் காலு வலிக்குது."

கௌகர் மாவுக் கையோடு கூடத்துக்குப் போனாள்.