ஆமைக்கு மேலே மிதந்தவள்

தங்கை நல்லெண்ணத்தில்தான் கூட்டிவந்தாள். பதினைந்து நாளாக ஆஸ்பத்திரியில் டபுள் டூட்டி பார்த்து அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. "ஒரே ஒரு நாள் வா. பறவை பார்க்கலாம், கடலுக்குள்ள மீன் பார்க்கலாம்" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். நர்ஸ் அக்காவுக்கு மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை.

தீவுக்குப் படகில் இரண்டு மணி நேரம். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் அவள் தூங்கினாள். இறங்கியதும் வழிகாட்டி முன்னால் நடந்தார். அறுபதை நெருங்கியவர்; வாயைத் திறந்தால் ஆமைக் கதைதான் என்பதால் எல்லோருக்கும் அவர் ஆமைக்காரர். பாறைச் சரிவில் கடற்பறவைகள் வெறும் தரையிலேயே அடைகாத்துக்கொண்டிருந்தன. ஒன்று, வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கியபடி, சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்தது.

"எவ்வளவு நேரம் இப்படியே நிக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"ஜோடி திரும்பி வர்ற வரைக்கும். சில நாள் சாயங்காலம் ஆயிடும்மா."

"பாவம், இதுக்கும் டபுள் டூட்டி."

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

மதியம் லைஃப் ஜாக்கெட்டும் முகக்கண்ணாடியும் மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு எல்லோரும் கடலில் இறங்கினார்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் சத்தமெல்லாம் அடங்கிப்போனது. யாரும் மணியடிக்கவில்லை, யாரும் சிஸ்டர் என்று கூப்பிடவில்லை. கீழே ஓர் ஆமை கடற்புல் மேய்ந்துகொண்டிருந்தது. ஒரு வாய் கடிக்கும், யோசிக்கும், மறுபடி கடிக்கும். அதையே பார்த்தபடி அவள் கைகாலை அசைக்காமல் கிடந்தாள். எப்போது கண் செருகியதென்று அவளுக்கே தெரியாது.

யாரோ ஜாக்கெட்டைப் பிடித்து மல்லாக்கப் புரட்டியபோதுதான் விழித்தாள். ஆமைக்காரர். நீரோட்டம் அவளை வெகுதூரம் இழுத்து வந்திருந்தது. படகைக் கிளப்பும்வரை பொறுக்காமல் அவர் நீந்தியே வந்துவிட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா! கடல்லயா!" அதற்கு மேல் திட்ட அவருக்கு மூச்சு இல்லை.

படகில் ஏற்றியதும் தங்கை அவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நொடியே முதுகில் ஒன்று வைத்தாள். "குப்புறக் கிடந்தே. கத்திக் கூப்பிட்டும் திரும்பலை. அம்மாகிட்ட என்னன்னு சொல்றதுன்னு..." மிச்சம் அழுகையில் கரைந்தது.

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் ஆமைக்காரர் கண்ணில் பட்டார். உதடு வெளுத்து ஓரமாகச் சாய்ந்திருந்தார். உடனே எழுந்து அவரைப் படுக்கவைத்தாள், கால்களைத் தூக்கி ஒரு பையின் மேல் வைத்தாள், நாடி பார்த்தாள்.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. வயசை மறந்து நீந்திட்டேன், அவ்வளவுதான்."

கால் மணி நேரம் அவள் அந்த மணிக்கட்டை விடவில்லை. நாடி மெல்ல நிதானத்துக்கு வந்தது.

"உங்க உயிருக்கு உலை வைக்கப் பார்த்தேனே" என்றாள். சொன்னதுதான் தாமதம், பதினைந்து நாள் அழுகையும் மொத்தமாக வந்தது. அவர் சங்கடத்தோடு கடலைப் பார்த்தார்.

"ஆமையையாவது பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"அப்ப சரி."

கரையில் இறங்கும்போது ஃபோனில் தலைமை நர்ஸின் செய்தி வந்து விழுந்தது: நாளைக்கும் இரண்டு ஷிப்ட் பார்க்க முடியுமா? தங்கை எட்டிப் பார்த்தாள். 'ஒன்றுதான் முடியும்' என்று அக்கா எழுதி அனுப்பினாள். பதில் வருவதற்குள் ஃபோனை அணைத்துத் தங்கையின் பையில் போட்டாள். பஸ் நிறுத்தம் வரை நடக்க வேண்டுமே என்று நினைக்கத்தான் மலைப்பாக இருந்தது.