தொண்ணூற்றிரண்டு மில்லிமீற்றர்

“பேஞ்சிச்சு!”

“பேயல சேர், நேத்து பூரா ரோட்டுல புழுதி—”

“தொண்ணூத்திரெண்டு மில்லிமீற்றர்! கையெழுத்தப் போடுன்னா போடு—”

“புழுதி பறந்திச்சுங்கிறேன்!”

விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் அந்தோனியம்மா முழங்காலளவு ஓடையில் குனிந்து நின்றாள். பிரதேச சபையின் நாட்கூலி. பன்னிரண்டு வருஷமாக இதுதான் வேலை: குளிரில் விரல் மரக்க மரக்க பரிசோதனைக்கு நாலு போத்தல் தண்ணீர் அள்ளுவது, மேடேறி மழைமானியைப் பார்ப்பது, இரண்டையும் கொப்பியில் எழுதிக் கையெழுத்திடுவது. சாயப் பெக்டரி வந்த பிறகு இந்த ஓடைக் கல்லில் பாசிகூடப் பிடிப்பதில்லை. கரையில் நின்று கத்தியவன் சபை மேற்பார்வையாளன் கிளறன்ஸ். சப்பாத்து நனையாத தூரத்தில் நிற்பதுதான் அவன் கற்ற தொழில்.

நேற்றுப் பகல் பெக்டரிக் கழிவுத் தொட்டி ஓடைக்குள் திறந்துவிடப்பட்டது. கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஏழு குழந்தைகள் உடம்பெல்லாம் கொப்பளத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கின்றன. பத்து மணிக்குச் சபையில் விசாரணை. மழையில் தொட்டி தானாக வழிந்தது என்று கொப்பி சொல்லிவிட்டால் குற்றம் வானத்துடையதாகிவிடும்.

காரிலிருந்து பெக்டரி முதலாளி தினேஸ் இறங்கினார். சென்ட் வாசம் அவருக்கு முன்னால் வந்தது.

“ஒரு கையெழுத்து வாங்க இவ்வளவு நேரமா, கிளறன்ஸ்? ஏம்மா, மேல போய்ப் பாரேன். கருவி பொய் சொல்லுமா?”

அவள் மேடேறி, மழைமானிக்குள்ளிருந்த போத்தலை உருவினாள். கழுத்துவரை நிறைந்திருந்தது. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“சேர், ஒங்க மழ நீலமா பேஞ்சிருக்கே!”

கிளறன்ஸின் முகம் செத்தது. தண்ணீர்க் குழாய்வரை நடக்கச் சோம்பல். இருட்டில் கையெட்டிய சாய ஓடையிலேயே வாளியை விட்டு அள்ளி ஊற்றியிருக்கிறான்.

“படிச்ச ஆளு நீங்க. பொய் சொல்றதுக்கும் நல்ல தண்ணி வேணும்னு தெரியலயே?”

“போத்தலக் குடு,” என்றார் தினேஸ். “இல்லாட்டி சபைத் தலைவர்கிட்ட ஒரு வார்த்த சொன்னா போதும், நாளையிலேர்ந்து ஒனக்கு வேல இல்ல.”

அந்தோனியம்மாவின் வீட்டில் அடுப்பெரிவது இந்த நாட்கூலியில்தான். ஆனாலும் போத்தலை அவள் விடவில்லை.

பகல் வேலைக்கு வந்த சாயக்காரப் பெண்கள் பெக்டரிக் கேற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் ரபீகா, முழங்கைவரை நீலம், விரலிடுக்கில் தோலில்லை.

“குடுக்காதீங்க அக்கா. தொட்டியத் தொறந்தது நாங்க. தொறக்கச் சென்னது இந்த மொதலாளி. விசாரணையில அதத்தான் செல்லப் போறோம்.”

“முட்டாளுங்களா! தொறந்தவங்களத்தான் உள்ள தள்ளுவாங்க!” என்று கத்தினார் தினேஸ்.

“தள்ளட்டும். யாரு சென்னான்னும் கேப்பாங்கதானே?”

ஒருத்தியும் பின்வாங்கவில்லை. ரோட்டைக் கூட்டிக்கொண்டிருந்த சபைத் தொழிலாளி காளிமுத்துவும் விளக்குமாற்றை மதிலில் சாத்திவிட்டு வந்து நின்றான். அந்தோனியம்மா கிளறன்ஸின் கையிலிருந்த கொப்பியை வாங்கி, ‘மழை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கூட்டம் சபைப் பக்கம் நடக்கத் தொடங்கியது.

“அத்தன பேரையும் வேலயிலேர்ந்து நிப்பாட்டிருவேன்!” முதலாளியின் குரல் கீச்சிட்டது.

ரபீகா திரும்பிப் பார்த்தாள்.

“நிப்பாட்டுங்க மொதலாளி. நாளக்கி அந்தத் தொட்டிக்குள்ள யாரு கைய உடுற, நீங்களா?”