மங்கையின் இரண்டாவது கசற்

பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். விடியும்போதே ஊரைச் சுற்றி வளைத்த இராணுவம் வீடு வீடாகப் புகுந்து எல்லாரையும் அங்கே ஓட்டி வந்திருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக ஜீப்பின் முன்னால் போய் நிற்க வேண்டும். தமிழ்ப் போராளி இயக்கத்தோடு தொடர்புள்ளவரை அடையாளம் காட்ட, ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் இருந்தான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஏதோ அறிவித்தல் என்று எல்லாரும் நிமிர்ந்தார்கள். அறிவித்தல் வரவில்லை. கீபோர்ட் இசை வந்தது.

பெண்கள் பக்கம் நின்ற மங்கையற்கரசிக்கு முதல் சுரத்திலேயே தெரிந்துவிட்டது. அது அவள் வாசித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், இடக்கையின் கனத்த சுரங்கள் பெரிய ஒலிபெருக்கியில் எவ்வளவு நிறைவாகக் கேட்கின்றன என்று சந்தோசப்பட்டாள். அடுத்த கணம் பக்கத்தில் நின்ற பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மட்டக்களப்பு வாவியோரத்தில், காத்தான்குடிக்குத் தெற்கே இருந்தது அந்த ஊர். மங்கை சிறுமியாக இருந்தபோது அயலில் ஐரோப்பிய வழிவந்த ஒரு பறங்கிக் குடும்பம் குடியிருந்தது. அவர்களுடைய பியானோவில் விரல் வைத்தவள் பிறகு அதை விடவில்லை. சண்டை தொடங்குமுன் பாசிக்குடாவில் ஒரு சுற்றுலா விடுதியில் மாலை வேளைகளில் வாசித்தாள். கலியாணமாகாத பெண் விடுதியில் வாசிப்பதா என்று சொந்தக்காரர்கள் மூன்று வருடம் பேசாமல் இருந்தார்கள். அவளும் பேசவில்லை, வாசித்தாள். அங்கே வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஒலிநாடாக் கசற்றில்தான் அந்த வகை ஜாஸை முதலில் கேட்டாள். அதற்கு ஸ்மூத் ஜாஸ் என்று பெயர். மேளம் முட்டாது, குரல் உயராது. ஒரு மெட்டு நடந்துகொண்டே இருக்கும். ஒரு சுரத்தில் நிற்கப்போவதுபோல் வந்து, நிற்காமல் பக்கத்துச் சுரத்தில் சாய்ந்துகொள்ளும். கேட்பவருக்கு நெஞ்சில் ஏதோ இளகும். என்ன இளகியது என்று சொல்லத் தெரியாது.

சண்டை வந்தது, விடுதி மூடியது. மங்கை கலியாண வீடுகளில் வாசித்துப் பிழைத்தாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு, காத்தான்குடியில் ரெக்கோர்டிங் பார் என்ற பாட்டுப் பதிவுக் கடை வைத்திருந்த அப்துல் கபூர் அவள் வாசிப்பைக் கேட்டு, பாட்டுச் சொற்களே இல்லாத ஒரு கசற் போட்டுத் தந்தார். ‘ஈரக்காற்று’ என்று அதற்குப் பெயர். அட்டையில் வாவிக்குப் பேர்போன பாடும் மீன் படம் போடுவோம் என்றார் அவர். “மட்டக்களப்பெண்டா மீன் மட்டுந்தானா காக்கா?” என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் கேட்டு மங்கை மறுத்துவிட்டாள். மீன் இல்லாமலே கசற் விற்றது. கல்முனை பஸ்காரர்கள் போட்டார்கள். ஆஸ்பத்திரித் தாதிமார் போட்டார்கள். ஓட்டமாவடித் தேநீர்க் கடைகளில் நெல் வியாபாரிகள் விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதே கசற்தான் இப்போது மரத்திலிருந்து ஒலித்தது.

அன்று பின்னேரம் சீதேவி அவள் வீட்டுக்கு வந்தாள். வாவியில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பம். அவளுடைய ஒரே மகன் யோகராசாவை லொறியில் ஏற்றிப் போய்விட்டார்கள்.

“உன்ர பாட்டப் போட்டுத்தான் என்ர புள்ளயக் கொண்டு போனாங்கள்,” என்றாள் சீதேவி. அழவில்லை.

“நான் போடச் சொல்லல்ல அக்கா.”

“நீ சொல்லல்லத்தான். ஆனா நான் அவன்ட பேரச் சொல்லிக் கத்தினன். எத்தின தரம் கத்தினன் தெரியுமா? உன்ர பாட்டுச் சத்தத்தில அவனுக்குக் கேக்கல்ல. திரும்பியும் பாக்காமப் போயிற்றான்.”

 சீதேவி போன பிறகு மங்கை கீபோர்ட்டைத் துணியால் மூடினாள்.  தன் விரல்களைத் தானே வெறுக்க வேண்டுமா என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்க வெறுப்பு விரல்களை விட்டு நகர்ந்து, போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அடுத்த மாதமும் ஊரை வளைத்தார்கள். அதே மைதானம், அதே ஜீப். இசை தொடங்கியதும் மங்கை வரிசையிலிருந்து வெளியே வந்தாள். “ஏய்!” என்று ஒரு சிப்பாய் துவக்கை நீட்டிக் கத்தினான். அவள் ஓடவில்லை, நடந்தாள். மரத்தடியில் மேசைமேல் கசற் பெட்டியும் பெரிய பற்றரியும் இருந்தன. வயரைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

இசை நின்றது. அதன் கீழே இவ்வளவு நேரமும் மூடிக் கிடந்த சத்தம் அப்போதுதான் மேலே வந்தது. பெண்கள் விம்மிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு தகப்பன், “ஐயா, அவன் படிக்கிற பொடியன் ஐயா,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். சீதேவி கைகளை உயர்த்திக் கூவினாள்:

“என்ர யோகராசா எங்க? போன மாசம் கொண்டு போனீங்களே, எங்க அவன்?”

அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் தன் மகன் பெயரைச் சொன்னாள். அதற்கடுத்தவள் தன் தம்பி பெயரைச் சொன்னாள். பெயர்கள் வரிசை முழுவதும் பரவின. லொறியில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

சிப்பாய் மங்கையை முழங்காலில் இருத்தினான். சற்று நேரத்தில் கப்டன் வந்தான். இளைஞன், மென்மையான குரல். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டான். விடுதியில் பழகிய ஆங்கிலத்தில் தெரியும் என்றாள்.

“இதை வாசித்தது நீங்கள்தானா? ஸ்மூத் ஜாஸ். கொழும்பில்கூட இப்படி வாசிக்க ஆட்கள் குறைவு,” என்றான். உண்மையாகவே வியந்தான். “நீங்கள் பெருமைப்பட வேண்டும். இதைப் போட்ட பிறகு மக்கள் அமைதியாக நிற்கிறார்கள்.”

“அமைதியாக நிற்கவில்லை. அவர்கள் அழுவது உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கசற்றைத் தாருங்கள்.”

“இது என்னுடையது. கடையில் வாங்கினேன்.”

“கேட்பதற்கு விற்றேன். இதற்கு விற்கவில்லை.”

அவன் முகம் மாறியது. “வயரைப் பிடுங்கியதற்கு உங்களையும் அந்த லொறியில் ஏற்றலாம்.”

“ஏற்றுங்கள். ஆனால் பாட்டுப் போடாமல் ஏற்றுங்கள்.”

அவன் ஏற்றவில்லை. வெயிலில் அப்படியே இருக்கவிட்டான். ஜீப் போனது, மற்றவர்களைக் கலைந்து போகச் சொன்னார்கள். பெண்கள் கலையவில்லை. சீதேவி வந்து மங்கைக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் உட்கார்ந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியபோது, எழுந்து போகலாம் என்று ஒரு சிப்பாய் வந்து சொன்னான். மறுநாள் வீட்டுக்கு வந்து கீபோர்ட்டைச் ‘சோதனைக்கு’ என்று தூக்கிப் போனார்கள். அது திரும்பி வரவேயில்லை.

இந்தக் கதை வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கும் போனது. அங்கே அதிகாரம் இயக்கத்திடம். ஒரு நாள் கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து இயக்கத்தவர் ஒருவர் தோணியில் வந்தார்.

“அக்கா, மெட்டு நல்லம். நாங்க சொல்லுப் போட்டுத் தாறம். சனத்த எழுப்புற பாட்டாக்குவம்.”

“ஆமிக்காரன் என்ர பாட்டால சனத்த அடக்கப் பாத்தான். நீங்க எழுப்பப் பாக்கிறீங்க. ரெண்டு பேருக்கும் பாட்டுத் தேவையில்ல தம்பி, வேற வேலைக்கு ஒரு சாமான்தான் தேவை. நான் தரமாட்டன்.”

“யோசிச்சுப் பேசுங்க அக்கா,” என்றார் வந்தவர். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

“யோசிச்சுத்தான் பேசுறன்.”

அந்தக் கிழமையே பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனாள். தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகப் பயந்த காலம். சந்தியில் இறங்கியவளைச் சிலர் உற்றுப் பார்த்தார்கள். கபூர் கடை வாசலுக்கே வந்து உள்ளே கூட்டிப்போனார்.

“காக்கா, இன்னொரு கசற் போடுவம்.”

கபூர் பெருமூச்சு விட்டார். “போடுவம் தங்கச்சி. கீபோர்ட் நான் தாறன். ஆனா இனி இப்பிடி மெதுவா வாசிக்கிற வேலை வேணாம். மேளத்தச் சேத்து உறைப்பாச் செய்யுங்க. அப்பதான் அவனுகளுக்கு அதப் போட ஏலாது.”

“அவங்களுக்காக நான் உறைப்பா வாசிக்கவா? மெதுவா வாசிக்கிறது என்ர விருப்பம் காக்கா. துவக்கு வச்சிருக்கிறவனுக்குப் பயந்து அத விடமாட்டன்.”

பகலில், கடைக் கதவைச் சாத்தி, சத்தம் புகாமல் மெத்தைகளைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்தார்கள். பாங்கு சொல்லும்போது நிறுத்துவார்கள். கரண்ட் போனால் காத்திருப்பார்கள். சீதேவி தானாகவே கூட வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் வந்தாள் என்று மங்கை கேட்கவில்லை.

முதல் கசற்றைவிட இது இன்னும் மென்மையாக வந்தது. வலக்கை சொல்ல வந்ததைப் பாதியில் விட்டு ஒதுங்கும். இடக்கை அவசரப்படாமல் அதை எடுத்து நடத்தும். நான்காவது உருப்படியில் நான்கே சுரங்களில் ஒரு சிறு தொடர். அதை வாசித்துவிட்டு, யாரையோ கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் வெற்றிடம் விட்டாள். பிறகு அதே நான்கு சுரங்கள், சற்று உயரத்தில். மறுபடி வெற்றிடம். அந்த வெற்றிடத்தை எதைக் கொண்டும் அவள் நிரப்பவில்லை.

வாசித்து முடித்ததும் சீதேவி கேட்டாள்: “யோ-க-ரா-சா எண்டுதானே கூப்பிட்டாய்?”

“ஓம் அக்கா.”

“இன்னொருக்கா வாசி.”

அட்டைக்கு என்ன படம் என்று கபூர் கேட்டார். படம் வேண்டாம் என்று சொல்லி மங்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்: ‘இந்த இசையை எல்லாரும் கேட்கலாம். சோதனைச் சாவடியிலும் சுற்றிவளைப்பிலும் ஒலிபரப்பக் கூடாது. – மங்கையற்கரசி.’ மூன்று மொழியிலும் வேண்டும் என்றாள்.

கபூர் அதை வாசித்தார். “உங்கட பேரையும் போடுறீங்களா?”

“பேரில்லாமப் போட்டா யாரு தடுக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?”

“என்ர கடப் பேரும் கீழ இருக்கும் தங்கச்சி.”

“வேணாமெண்டா எடுத்திருங்க. நான் கோவிக்கமாட்டன்.”

அவர் சிங்கள வரியைத் தன் கையாலேயே எழுதினார். கடைப் பெயரை எடுக்கவில்லை.

அந்தக் கசற் முதலாவதைவிட வேகமாகப் பரவியது. அட்டைக்காக வாங்கியவர்கள் இசைக்காக வைத்துக்கொண்டார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக மாணவர்கள் பிரதி எடுத்தார்கள். நான்காவது உருப்படியின் வெற்றிடம் வரும்போது சிலர் தங்களுக்குத் தெரிந்த பெயர்களை மெல்லச் சொன்னதாகக் கபூர் கேள்விப்பட்டார். ஒரு சிப்பாய் கடைக்கு வந்து, அட்டையை வாசித்து, ஒன்று வாங்கிப் போனான். கபூருக்கு அன்று முழுவதும் வியர்த்தது. எதுவும் நடக்கவில்லை.

சில மாதங்களில் செஞ்சிலுவைக்காரர்கள் தகவல் கொண்டுவந்தார்கள். யோகராசா உயிரோடு இருக்கிறான், தெற்கே ஒரு சிறையில். சீதேவி தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. மங்கை கூடப் போனாள்.

பொலன்னறுவை வழியாகச் சுற்றிப் போகும் பஸ்ஸில் சாரதி அவளுடைய புதுக் கசற்றையே போட்டிருந்தான். வாசித்தவள் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஓட்டமாவடி கழிந்து ஒரு சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஏறி வந்த சிப்பாய் கசற் உறையைக் கையில் எடுத்தான். சிங்கள வரிகளை வாசித்தான். இன்னொரு முறை வாசித்தான்.

“யாரு இந்தப் பொம்பிள?” என்று உடைந்த தமிழில் கேட்டான்.

சாரதி விழித்தான்.  சீதேவி மங்கையின் சேலையைப் பிடித்தாள். மங்கை எழுந்து நின்றாள்.

“நான்தான்.”

சிப்பாய் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சாரதியிடம் திரும்பி, “நிப்பாட்டு,” என்றான். உறையை விரலால் தட்டிக் காட்டினான். “இங்க போட வேணாம் எண்டு எழுதியிருக்கு.”

கேலியா, மெய்யா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. மங்கையும் சிரிக்கவில்லை. சாரதி கசற்றை நிறுத்தினான். எல்லாரும் இறங்கி, அடையாள அட்டைகளைக் காட்டி, பைகளைத் திறந்து, இசை இல்லாமல் நடந்தார்கள். அப்பால் மீண்டும் ஏறினார்கள்.

பஸ் புறப்பட்டதும் சாரதி கண்ணாடியில் மங்கையைப் பார்த்தான். “அக்கா, இனிப் போடட்டா?”

மங்கை வாயைத் திறக்குமுன் சீதேவி எழுந்து முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“போடு தம்பி,” என்றாள். “சத்தத்தக் கூட்டிப் போடு.”